ஒன் பீஸ் எப்போ ப்ரோ முடியும்? - என் ஃபேவரைட் மங்காக்களும் அவற்றை வரைந்தவர்களின் முதுகுவலியும்

“அனிமே பார்க்கலாம்னு இருக்கேன், எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?”

நட்பு வட்டத்தில் ஒரே ஒரு மங்கா ரசிகர் இருந்தால் போதும், மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி அவரைத் தேடி வந்துவிடும். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் ‘ஒன் பீஸ்’ அல்லது ‘நருட்டோ’. கேட்டவரும் ஆசையாக மொபைலை எடுத்துத் தேடுவார். 1,100 எபிசோடுகளுக்கு மேல் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், சத்தமில்லாமல் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

என் பதில் வேறு. “முடிஞ்ச கதையா எடுத்துப் பாரு!” இதற்காக ‘பொறுமை இல்லாதவள்’ என்று பட்டமெல்லாம் வாங்கியாச்சு. பரவாயில்லை. ஒரு தொடர் எவ்வளவு நீளம் என்பதைவிட, எங்கே, எப்படி முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, ஜப்பானில் ஒரு மங்கா எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

19 பக்கம், 7 நாள்

மங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ். அதற்கு உயிர் கொடுத்துத் திரையில் ஓடவிட்டால் அனிமே. நாம் கொண்டாடும் அனிமேக்களில் பெரும்பாலானவை முதலில் ஏதோ ஒரு பத்திரிகையில் மங்கா தொடராக வந்தவைதான். அந்தப் பத்திரிகைகளில் பெரிய அண்ணன், ஷுயெய்ஷா நிறுவனம் 1968-ல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’. வாரா வாரம், மலிவான தாளில், செங்கல் மாதிரித் தடியாக வரும். ஒரே இதழில் சுமார் இருபது தொடர்கள். 1990-களின் நடுவில் இதன் விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ‘டிராகன் பால்’, ‘ஸ்லாம் டங்க்’ எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த பொற்காலம் அது.

வாராந்திரத் தொடர் நமக்கும் புதுசு இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950-களில் ‘கல்கி’ இதழில் தொடராக வந்ததுதான். ஆனால் அங்கே கல்கி எழுத, மணியம் வரைந்தார். மங்காவில் பெரும்பாலும் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளின் தலையில்! ஒரு வார சாப்டர் என்றால் சுமார் 19 பக்கங்கள். முதலில் கதையை யோசிக்க வேண்டும். கட்டங்களைப் பிரித்து ஒரு கரட்டு வடிவம் போட்டு எடிட்டரிடம் காட்ட வேண்டும். அவர் ‘சரியில்லை’ என்றால் மறுபடி முதலிலிருந்து. ஓகே ஆனபின் பென்சில், மை, பின்னணி. உதவியாளர்கள் உண்டுதான். ஆனால் முகங்களை வரைவது பெரும்பாலும் அவரேதான். இது முடிந்ததும் லீவா? அடுத்த வாரத்து 19 பக்கம் காத்திருக்கும்.

இதைவிடக் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. ஜம்ப் இதழோடு ஒரு போஸ்ட் கார்டு வரும். எந்த மூன்று தொடர் பிடித்தது என்று வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். இப்போது ஆன்லைனிலும் கேட்கிறார்கள். அந்த வாக்கெடுப்பில் தொடர்ந்து பின்தங்கினால், அவ்வளவுதான். சில வார அவகாசத்தில் கதையை மூட்டைகட்டச் சொல்லிவிடுவார்கள். நாலு மாசம், அஞ்சு மாசத்திலேயே முடிந்துபோன தொடர்கள் ஏராளம். ஆக, பிடிக்கவில்லையென்றால் முடிக்கவிட மாட்டார்கள், துண்டித்துவிடுவார்கள். பிடித்துவிட்டாலோ, சுலபத்தில் முடியவே விட மாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், ‘நான் நினைத்த இடத்தில், நினைத்த மாதிரி முடிக்கிறேன்’ என்று ஒருவர் சாதிப்பது எவ்வளவு அபூர்வம்னு இப்போ புரியுதா?

இதனால்தான் ஃபில்லர்!

அனிமே பார்ப்பவர்கள் அதிகம் திட்டும் வார்த்தை ‘ஃபில்லர்’. ஒரு எபிசோடு ஓடும் இருபது நிமிடத்துக்கு இரண்டு சாப்டராவது தேவைப்படும். மங்கா வாரத்துக்கு ஒரு சாப்டர், அனிமேயும் வாரத்துக்கு ஓர் எபிசோடு. கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள். அனிமே வேகமாக ஓடிவந்து மங்காவின் முதுகிலேயே முட்டிக்கொள்ளும். அப்போது டிவிக்காரர்கள் சொந்தமாகக் கதை கட்டி நேரத்தை ஓட்டுவார்கள். 220 எபிசோடுகள் கொண்ட முதல் ‘நருட்டோ’வில் 136-க்குப் பிறகு வருபவை ஏறக்குறைய எல்லாமே இப்படி ஒட்டுப்போட்டவைதான். ‘ஒன் பீஸ்’ வேறு ரூட் பிடித்தது. ஒரே சாப்டரை ஒரு எபிசோடு முழுக்க ஜவ்வாக இழுப்பது. ஒருவர் முறைப்பார், இன்னொருவர் முறைப்பார், கடல் அலை அடிக்கும், மறுபடி முதல் ஆள் முறைப்பார். நம்ம சீரியல் டைரக்டர்கள் கெட்டார்கள்!

இப்போது வரும் அனிமேக்கள் சீசன் சீசனாகப் பிரிந்து வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். ‘டீமன் ஸ்லேயர்’ முதல் சீசன் 26 எபிசோடு, பிறகு இடைவேளை. கதையும் நீர்த்துப்போகாது, வரைபவர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

சரி, என் லிஸ்ட்டுக்கு வருவோம்

முதல் இடத்தில் யோசிக்காமல் ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’. வரைந்தவர் ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த பெண். 2001 முதல் 2010 வரை, 27 வால்யூம், 108 சாப்டர். இது வாரத் தொடர் இல்லை, மாதத் தொடர் என்பதைக் கவனியுங்கள்.

இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் திரும்ப உயிர்ப்பிக்க முயல்கிறார்கள் இரண்டு சின்னப் பையன்கள். விபரீதமாகிறது. அண்ணன் எட்வர்டுக்கு ஒரு கையும் ஒரு காலும் போகிறது. தம்பி ஆல்ஃபோன்ஸுக்கு உடம்பே போய், உயிர் மட்டும் ஒரு இரும்புக் கவசத்துக்குள் தங்கிவிடுகிறது. ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்குச் சமமான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உலகத்தின் விதி. முதல் சாப்டரிலேயே சொல்லிவிடும் இந்த விதியைக் கடைசி சாப்டர்வரை அரகாவா கைவிடுவதில்லை. அதை அவர் எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்பதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் ‘அட, இதுக்குத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா’ என்று அந்த இடத்தில் தோன்றாவிட்டால் நீங்கள் என்னை அடிக்கலாம்.

இன்னொரு விஷயம். இதில் நமக்குப் பிடித்துப்போகும் ராணுவ அதிகாரிகள் பலரும் இஷ்வால் என்ற மக்கள் கூட்டத்தைக் கொன்றொழித்த போரில் கலந்துகொண்டவர்கள். ரோய் மஸ்டாங் ஸ்டைலாக விரலைச் சொடுக்கும்போது விசில் அடித்துவிட்டு, அதே நெருப்பு முன்பு யாரை எரித்தது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லி அரகாவா யாரையும் தப்பிக்கவிடுவதில்லை. டீன் ஏஜ் பசங்களுக்கான பத்திரிகையில் வந்த கதை இது என்பதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு டிப்ஸ். இதற்கு இரண்டு அனிமே உண்டு. 2003-ல் வந்தபோது மங்கா பாதிகூட வரவில்லை. அதனால் அனிமேக்காரர்கள் தங்கள் சொந்த முடிவை எழுதிக்கொண்டார்கள். அதுவும் மோசமில்லை. ஆனால் 2009-ல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’, 64 எபிசோடுகளில் அரகாவாவின் கதையை அப்படியே சொன்னது. மங்காவின் கடைசி சாப்டரும் அனிமேயின் கடைசி எபிசோடும் 2010-ல் சில வார இடைவெளியில் வெளியாகின. நீங்கள் ‘பிரதர்ஹுட்’ பாருங்கள்.

இரண்டாவது ‘ஸ்லாம் டங்க்’. பாஸ்கெட்பால் கதை. ஜப்பானில் ஒரு தலைமுறையையே பாஸ்கெட்பால் பக்கம் இழுத்த கதை என்று சொல்வார்கள். ஒரு பெண்ணை இம்ப்ரெஸ் செய்ய டீமில் சேரும் ரவுடிப் பையன் சகுராகி, கடைசியில் உண்மையாகவே அந்த ஆட்டத்தைக் காதலிக்க ஆரம்பிப்பான். டகெஹிகோ இனோவே இதை 1996-ல், புகழின் உச்சத்தில், 31 வால்யூமோடு நிறுத்திவிட்டார். கடைசி மேட்ச்சின் கடைசி நிமிடங்களில் பக்கம் பக்கமாக வசனமே கிடையாது. ஷூ தேயும் சத்தம்கூட இல்லாமல் ஒரு பந்து கை மாறிக்கொண்டே போகும். படிக்கும்போது மூச்சுவிட மறந்துபோவீர்கள். அதற்குப் பிறகும் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம், காசும் கொட்டியிருக்கும். இனோவே ஓட்டவில்லை. 2022-ல் அவரே இயக்கிய ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ படத்திலும் பழைய கதையை நீட்டாமல், டீமின் இன்னொரு பையனான மியாகியின் கண்வழியே அதே மேட்ச்சைக் காட்டினார்.

‘டெத் நோட்’ எல்லோர் லிஸ்ட்டிலும் இருக்கும். என் லிஸ்ட்டில் பாதிதான் இருக்கிறது. மொத்தம் 12 வால்யூம். ஏழாவதில் ஒரு சம்பவம் வரும், பார்த்தவர்களுக்குத் தெரியும். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பின் வருவது ஹோட்டலில் பில் கொடுத்தபிறகும் சீட்டை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ முடிவைப் பற்றி இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. 2009-ல் ஹஜிமே இசயாமா அதைத் தொடங்கியபோது அவருக்கு 23 வயதுதான். 2021-ல் 139-வது சாப்டரோடு முடித்தபோது, உலகம் முழுக்க ரசிகர்கள் அவரைத் துவைத்துத் தொங்கப்போட்டார்கள். எனக்கும் கடைசி சாப்டரில் சில வசனங்கள் உறுத்தின. ஆனால் ஹீரோவை ரசிக்க வைத்து, அவன் செய்யும் பேரழிவுக்கு முன்னால் நம்மைத் தனியாக நிற்கவைக்கும் துணிச்சல் லேசுப்பட்டதா? பிடிக்காத முடிவு என்பது வேறு, மோசமான முடிவு என்பது வேறு. மீம் போடும் நேரத்தில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

‘டீமன் ஸ்லேயர்’ கதையாகப் பார்த்தால் ரொம்ப சிம்பிள். அரக்கன், வாள், தங்கச்சி பாசம். ஆனாலும் கொயொஹாரு கொட்டோகே மீது எனக்குத் தனி மரியாதை. அனிமே வந்து தொடர் உச்சிக்குப் போன நேரத்தில், 2020 மே மாதம், 23 வால்யூமுக்கான கதையோடு ‘வணக்கம்’ போட்டுவிட்டார். அந்தக் கதையின் கடைசிப் போரின் முதல் பாகம்தான் 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு நம் ஊர் தியேட்டர்களுக்கு வந்த ‘இன்ஃபினிட்டி கேஸில்’.

அப்போ முடியாத கதைகள்?

என் கொள்கையை நானே உடைக்கும் இடம் இது. ‘ஹண்டர் X ஹண்டர்’ முடியவில்லை. முடியுமா என்றும் யாராலும் சொல்ல முடியாது. யோஷிஹிரோ தொகாஷி 1998-ல் ஆரம்பித்தார். அதற்கு ஒரு வருடம் முன்பு தொடங்கிய ‘ஒன் பீஸ்’ 1,100 சாப்டர்களைத் தாண்டிவிட்டது. இது 400-ஐ எட்டவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. நடுவில் நீண்ட நீண்ட இடைவெளிகள். ‘கேம் விளையாடிட்டு இருக்கார்’, ‘மனைவி சம்பாதிக்கிறார், இவருக்கென்ன’ என்று வருஷக்கணக்கில் கிண்டல். அவர் மனைவி ‘செய்லர் மூன்’ வரைந்த நவோகோ டகேயுச்சி.

2022-ல் உண்மை வெளியே வந்தது. முதுகும் இடுப்பும் பழுதாகி, இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வரையவே முடியாத நிலையில் இருந்திருக்கிறார். அந்த வருடம் மே மாதம் ட்விட்டரில் கணக்குத் தொடங்கி, வரைந்துகொண்டிருக்கும் பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு பக்க எண், நாலு கோடு. அவ்வளவுதான். அதற்கே லட்சக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். மீம் போட்டவர்களில் எத்தனை பேர் அதற்கும் ஹார்ட் விட்டார்களோ!

‘ஒன் பீஸ்’ கதையும் கிட்டத்தட்ட இதேதான். அஞ்சு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் எய்ச்சிரோ ஓடா 1997-ல் ஆரம்பித்தார். 2023-ல் கண் ஆபரேஷனுக்காக நான்கு வாரம் லீவ் எடுத்தார். ஒரு மாசம் சாப்டர் இல்லையா என்று புலம்பியவர்களுக்கு, கால் நூற்றாண்டாக அந்தக் கண்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்பது ஞாபகம் வரவில்லை. நாமி தலையில் லூஃபி தன் தொப்பியை வைக்கும் காட்சிக்கு இன்றைக்கும் கண் கலங்குபவள்தான் நானும். ஆனால் புதிதாக வருபவரிடம் இதை முதலில் நீட்ட மாட்டேன். முதலில் ‘பிரதர்ஹுட்’. அப்புறம் 28 எபிசோடில் முதல் சீசனை முடித்த ‘ஃப்ரீரென்’. மற்ற கதைகள் எங்கே முடியுமோ, அங்கே, வில்லன் செத்து ஹீரோக்கள் ஊர் திரும்பிய இடத்தில் தொடங்கும் கதை அது. மங்கா படிக்க வேண்டுமென்றால், ஷுயெய்ஷாவின் ‘மங்கா பிளஸ்’ ஆப்பில் பல தொடர்களின் முதல் மூன்று, கடைசி மூன்று சாப்டர்கள் இலவசம். ஆங்கிலத்தில் படிக்கலாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

கடைசியாக ‘பெர்செர்க்’. ரத்தமும் கொடூரமும் அதிகம், பெரியவர்களுக்கு மட்டும். கென்டாரோ மியுரா 1989-ல் தொடங்கியது. ஒவ்வொரு கட்டத்தையும் கோயில் சிற்பம் மாதிரிச் செதுக்குவார். 2021 மே மாதம், மகாதமனியில் ஏற்பட்ட கிழிசலால் 54 வயதில் இறந்துபோனார். கதை பாதியில் நின்றது. அதை வேலைப்பளுவோடு நேராக முடிச்சுப்போட முடியாது. ஆனால் செய்தி வந்த அன்று, ‘அப்போ கதை என்ன ஆகும்’ என்று கேட்ட அத்தனை பேரையும் பிளாக் செய்யலாம்போல இருந்தது எனக்கு.

அந்தக் கேள்விக்கு மியுராவின் பள்ளிக்காலத்து நண்பர் கோஜி மோரியிடம் பதில் இருந்தது. அவரும் மங்கா வரைபவர். பல வருடங்களுக்கு முன்பே கதையின் முடிவுவரை மியுரா அவரிடம் சொல்லியிருந்தார். மியுரா தன்னிடம் சொன்னதை மட்டும்தான் எழுதுவேன், சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்க மாட்டேன் என்று வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மியுராவின் உதவியாளர்களோடு 2022 ஜூனில் தொடரை மறுபடி ஆரம்பித்தார். கோடுகளில் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. மியுராவின் பழைய பக்கங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். நான் படிக்கிறேன். மோரியின் பெயர் அதில் ‘மேற்பார்வை’ என்று மட்டும்தான் வருகிறது. மூலக்கதை என்ற இடத்தில் இன்னமும் கென்டாரோ மியுராதான்.