கண் டாக்டர் சீட்டில் எதைப் படிப்பது?

புரை ஆபரேஷன் முடிந்து, பார்வை பளிச்சென்று தெரிகிறது என்று அப்பா வீடு திரும்புகிறார். சீட்டைப் பிரித்தால் 'சூடோஃபேகியா'. புது நோயோ என்று வீடே பதறுகிறது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பக்கத்தில் 'பி.சி.ஐ.ஓ.எல்.' என்றிருந்தால் அதுவும் அதே லென்ஸ்தான். இரண்டாம் உலகப் போர் விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் சில்லுகள் பெரிதாக உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் அப்படிப்பட்ட பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை முதன்முதலாகப் பொருத்தினார்.

'பிரெஸ்பயோபியா'வும் இப்படித்தான். நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைத் தள்ளிப் பிடிக்க வைக்கும் வெள்ளெழுத்து, அவ்வளவே.

கண்ணாடி பவரில் ஓ.டி. வலது கண், ஓ.எஸ். இடது. 'எஸ்.பி.எச்.' -2.00 என்றால் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு, -4.00 என்றால் கால் மீட்டர். 'ஆக்சிஸ் 180' என்பதைப் பார்த்துப் பவர் எகிறிவிட்டதாக மிரள வேண்டாம். சிலிண்டர் பவரை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொல்லும் பாகைக் கணக்கு அது.

யாரும் கண்டுகொள்ளாத ஓர் எண் உண்டு: 'சி.டி. 0.7'. பார்வை நரம்பு கண்ணோடு சேரும் வட்டத்தின் நடுவே ஒரு குழி இருக்கும். வட்டத்தில் அந்தக் குழி எத்தனை பங்கு என்பதே இந்த எண். பலருக்கும் 0.3-ஐ ஒட்டி இருக்கும். 0.7 என்றால், பார்வை நரம்பைக் கெடுக்கும் நோயான கிளாக்கோமாவை டாக்டர் சந்தேகிப்பார். பிறவியிலேயே குழி பெரிதாக உள்ளவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார். 'ஐ.ஓ.பி.' என்னும் கண் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 வரை. அதற்குள் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது. ஓரப்பார்வையை முதலில் அரிக்கும், போனது திரும்பாது. சுவரிலுள்ள எழுத்தையெல்லாம் படித்து 6/6 வாங்கியவருக்கும் இது இருக்கலாம்.

கீழே 'எச்.வி.எஃப்.' என்று எழுதியிருந்தால் ஓரப்பார்வைப் பரிசோதனை. ஒரு கண்ணை மூடி, கிண்ணம் போன்ற மெஷினுக்குள் நேராகப் பார்த்து, புள்ளி வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். போகும்போது பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். 0.7 எப்போதும் அப்படியே இருந்ததா, 0.5-லிருந்து ஏறியதா என்பது டாக்டருக்கு அவற்றில்தான் தெரியும்.