குட்டைக் குழாயின் வேகம்

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் பானெட்டைத் தூக்கினால், வி8 இன்ஜினின் நட்டநடுவே கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பெரிய பாகம் தெரியும். அதுதான் இன்டேக் மேனிஃபோல்டு. எட்டு சிலிண்டருக்கும் காற்றைப் பங்கிட்டு அனுப்பும் குழாய்த்தொகுதி.

2011 மாடல் ஜிடியின் திறன் 412 குதிரைத்திறன். அதே 5 லிட்டர் இன்ஜினோடு அடுத்த ஆண்டு வந்த பாஸ் 302 மாடலுக்கோ 444. கேம், சிலிண்டர் ஹெட் மாற்றங்களும் இதில் உண்டு. ஆனாலும் குட்டைக் குழாய்கள் கொண்ட அதன் மேனிஃபோல்டுக்கு நல்ல பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஜிடி வைத்திருந்த பலர் அதை வாங்கி வீட்டு கராஜிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

நீளத்தில் என்ன இருக்கிறது? வால்வு திறந்து பிஸ்டன் காற்றை இழுக்கும்போது, குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஒலியின் வேகத்தில் மேலே ஓடி, முனையில் மோதித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படும். 7000 ஆர்பிஎம்மில் ஒரு வால்வு நொடிக்கு 58 முறை திறந்து மூடுகிறது. அந்த அவசரத்துக்கு அலை குறைந்த தூரம் ஓடினால்தான் சரிவரும். மெதுவாகச் சுழலும்போது நீளக் குழாயே நல்லது. பாஸ் 302இன் உச்ச டார்க் ஜிடியைவிடச் சற்றுக் குறைவு. ரேஸ் தடத்துக்குப் போகாதவருக்கு இந்த மாற்றம் வீண் செலவு என்பேன்.

மாட்டும் வேலை கடினமல்ல, சுத்தம்தான் முக்கியம். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இந்த மேனிஃபோல்டு வழியாகக் கூலன்ட் ஓடுவதில்லை. அந்த மட்டில் நிம்மதி. அதைத் தூக்கிய உடனே ஹெட்டின் துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். கைதவறி ஒரு நட்டு உள்ளே போனால், அது பிஸ்டனையே பதம் பார்த்துவிடும். இன்ஜெக்டர்களுக்குப் புது ஓ-ரிங், அதன்மேல் ஒரு துளி இன்ஜின் ஆயில். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்ச் வைத்துச் சீராக இறுக்குங்கள். பிளாஸ்டிக் என்பதால் முரட்டுப்பிடி ஆகாது.

பிறகு இன்ஜின் கம்ப்யூட்டரில் புது மேனிஃபோல்டுக்கான ட்யூனை ஏற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். ஓட்டிய பின் ஸ்கேனரில், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று காட்டும் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகள் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சரியாக உட்காராத கேஸ்கெட்டைத்தான்.