ஓடாத யந்திரத்துக்கும் கூலி உண்டு!

ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால், புனேயை அடுத்த போசரி, பிம்ப்ரி தொழிற்பேட்டைகளில் பல ஆலைகளுக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை. புதிதாக வேலைக்கு வந்து சேரும் தமிழ்நாட்டுப் பையன் இதைக் கேட்டு முதலில் விழிப்பான். குருவாரம் என்பதால் ஏதோ சாமி காரியம் என்றுகூட நினைத்துக்கொள்வான். சாமி காரியம் அல்ல, மின்சாரக் காரியம். எல்லா ஆலைகளும் ஒரே நாட்களில் ஓடி ஒரே நாளில் மூடினால் மின்நிலையங்கள் தாங்கா. ஆகவே வட்டாரத்துக்கு ஒரு நாளாக விடுமுறையைப் பிரித்து வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஒரு நாள், தகப்பனுக்கு வேறொரு நாள். இப்படி விட்டுக்கொடுத்ததற்காகத் தொழிலாளிக்கு யாரும் காலணா கொடுத்ததில்லை.

தமிழ்நாட்டிலும் 2008-க்குப் பின் சில ஆண்டுகள் கோவை வட்டாரத்துப் பட்டறைகள் "மின் விடுமுறை" என்ற சொல்லை நன்றாகப் பழகிக்கொண்டன.

இதே காரியத்துக்கு அமெரிக்காவில் பணம் கொடுக்கிறார்கள். "குறிப்பிட்ட நேரத்தில் உன் யந்திரத்தை நிறுத்தி வை, நிறுத்திய மின்சாரத்துக்கு விலை தருகிறோம்" என்பது அங்குள்ள ஏற்பாடு. தேவைக் குறைப்பு என்று இதைச் சொல்லலாம்.

கடைசி நிலையத்தின் விலை

சும்மா இருப்பதற்கு ஏன் கூலி? மின்சாரம் ஏலத்தில் விற்கப்படும் முறையில்தான் விடை இருக்கிறது. குறைந்த விலை கேட்கும் நிலையத்தை முதலில் அழைப்பார்கள். பிறகு அதற்கு அடுத்தது. மாலையில் தேவை ஏற ஏற, விலை கூடுதலாகக் கேட்கும் பழைய நிலையங்களையும் அழைக்கவேண்டி வரும். கடைசியாக அழைக்கப்பட்ட நிலையம் கேட்ட விலைதான் எல்லா நிலையங்களுக்கும்! கூடைக்கு நூறு ரூபாய்க்குத் தர வந்தவனுக்கும், கடைசிக் கூடைக்காரன் கேட்ட ஐந்நூறு கிடைத்துவிடுகிறது. அந்தக் கடைசிக் கூடை தேவைப்படாமல் செய்துவிட்டால் சந்தை முழுவதுமே விலை இறங்கும்.

இந்தியாவிலும் 2008-இல் மின்சாரச் சந்தை தொடங்கிவிட்டது. ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி விலை முடிவாகிறது. 2022 மார்ச்சில் கோடை முந்திக்கொண்டு வந்தபோது யூனிட் 20 ரூபாய்வரை போயிற்று. ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, 12 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது. அந்த விலைக்கு வாங்கும் விநியோகக் கம்பெனி, முடிவில் யார் தலையில் சுமத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோர்ட்டுக்குப் போன வழக்கு

நிறுத்தியவனுக்கு எவ்வளவு கொடுப்பது? இதில் அமெரிக்காவில் பெரிய தகராறே நடந்தது. உற்பத்தி செய்பவனுக்குக் கிடைக்கும் அதே சந்தை விலையை நிறுத்துபவனுக்கும் தரவேண்டும் என்று, அதனால் மற்ற வாடிக்கையாளர்களுக்கு லாபம் உண்டானால் என்ற நிபந்தனையோடு, அங்குள்ள மத்திய எரிசக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் 2011 மார்ச்சில் உத்தரவிட்டது. மின்நிலைய முதலாளிகள் பொங்கி எழுந்தார்கள். "மின்சாரம் வாங்காததால் அவனுக்குப் பில் மிச்சம், அதற்கு மேல் கையிலும் பணமா?" என்பது அவர்கள் வாதம். 2014-இல் கீழ்க்கோர்ட்டு உத்தரவை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலினா ககன்.

தீர்ப்பு வந்தாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. ஓடிய மீட்டரைப் படிக்கலாம்; ஓடாத மீட்டரை எப்படிப் படிப்பது? "சாதாரணமாக இவ்வளவு செலவாகும்" என்று முதலில் ஒரு கணக்கு எடுத்து, அதிலிருந்து கழித்துத்தான் பார்க்கவேண்டும். இங்கேதான் கில்லாடிகள் புகுந்தார்கள். மெயின் மாநிலத்தில் ஒரு காகித ஆலைக்குச் சொந்த ஜெனரேட்டர் உண்டு. 2007-இல் கணக்கெடுக்கும் நாட்களில் அதன் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, வெளி மின்சாரத்தை ஏராளமாக இழுத்தது. கணக்கு முடிந்ததும் ஜெனரேட்டரை வழக்கம்போல ஓட்டி, "பாருங்கள், எவ்வளவு குறைத்துவிட்டோம்!" என்று பணம் வாங்கிக்கொண்டது. குறைக்கவே இல்லை. கமிஷன் துருவித் துருவி விசாரித்த பிறகு, ஒரு கோடி டாலர் அபராதத்துக்கு ஆலை சம்மதிக்க நேர்ந்தது.

நம் ஊரில் வீட்டு வாடகை அட்வான்ஸ் கணக்கில் நடக்கும் தில்லுமுல்லுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

பணமே இல்லாமல் நடந்ததும் உண்டு. 2022 செப்டம்பர் 6-ஆம் தேதி கலிபோர்னியாவில் கடும் வெயில். தேவை 52,061 மெகாவாட் என்று அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. மாலை ஆறு மணியை நெருங்கும்போது, அவசியமில்லாத மின்சாதனங்களை நிறுத்துங்கள் என்று லட்சக்கணக்கான செல்போன்களுக்கு அரசின் அவசரச் செய்தி போயிற்று. சில நிமிடங்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கிவிட்டது. மாநிலம் தழுவிய மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. அந்தச் செய்தியில் பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஷிப்டுக் கூலி யாருக்கு?

ஆலை முதலாளி மாலை நான்கு மணி நேரம் யந்திரத்தை நிறுத்திப் பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்து ஷிப்டுக்காரர் கதி என்ன? மின்சாரப் பற்றாக்குறையால் வேலை கொடுக்க முடியாவிட்டால், தகுதியுள்ள தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமும் பஞ்சப்படியில் பாதியும் தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் கூறியது. ஓராண்டு தொடர்ச்சியான சேவை, ஆலையில் ஐம்பது பேராவது இருக்கவேண்டும் என்பவை நிபந்தனைகள். 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்தப் பாதிச் சம்பள விதி இடம்பெற்றது. ஆனால் அது மின்சாரம் இல்லாமல் நின்ற ஆலைக்கு எழுதிய விதி. மின்சாரம் இருந்தும், லாபத்துக்காக நிறுத்திய ஆலையில் பாதி போதுமா, முழுக்கூலி வேண்டாமா? ஒப்பந்தம் பேசப்போகும் சங்கத் தலைவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. காண்டிராக்டில் வேலை செய்பவனுக்காகக் கேட்க, பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை.

வீடுகளுக்கும் இந்த விஷயம் வந்து சேர்ந்திருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி மின்சாரம் மிகுந்திருக்கும் பகல் எட்டு மணி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவிகிதம் மலிவாக இருக்கவேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவிகிதமாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பது விதி. வீடுகளுக்கு 2025 ஏப்ரலுக்குள் என்று கடைசித் தேதி குறித்தார்கள்; ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளுக்கு, மீட்டர் பொருத்திய உடனேயே என்றார்கள். எந்த நேரம் எது என்பதை அந்தந்த மாநில ஆணையம் நிர்ணயிக்கும்.

மாவு அரைப்பதும், துணி துவைப்பதும், சட்டைக்கு இஸ்திரி போடுவதும் பகலில் நடந்தால் பில் குறையும். கணவன் மனைவி இருவரும் எட்டரை மணி லோக்கலைப் பிடித்து, இரவு எட்டு மணிக்குத் திரும்பும் ஒற்றை அறை வீட்டில் பகல் பதினொரு மணிக்கு கிரைண்டரை ஓட்டப்போவது யார்?