பாத வறட்சி: சின்ன வெடிப்புதானே என்று விட்டுவிடாதீர்கள்

பால் மரம் சீவியும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தும் வாழ்ந்த பெரியவர்கள் யோங் பெங் வட்டாரத்தில் பலர் உள்ளனர். "உழைத்த கால், வெடிக்கத்தான் செய்யும்" என்று நாம் சொல்வது வழக்கம். ஆனால் இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்த வெடிப்பு ஆறாத புண்ணாக மாறலாம்.

2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பாதம் ஏன் வறண்டு போகிறது?

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. வியர்வைதான் அதை ஈரமாக வைத்திருக்கிறது. வயதாகும்போது வியர்வை குறையும். இனிப்பு நீர் நரம்புகளைப் பாதித்தால் இன்னும் குறையும். தோல் தடித்து வெடிக்கும். குதிகால் மூடாத சிலிப்பரும் வெடிப்பை அதிகமாக்கும். நரம்பு மரத்துப் போனால் வலியும் தெரியாது. வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள்.

தினமும் செய்ய வேண்டியவை

- இளஞ்சூட்டு நீரில், மென்மையான சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சூட்டைக் கையால் பாருங்கள். காலை விட்டுப் பார்க்காதீர்கள். வெகுநேரம் ஊறவைக்க வேண்டாம்.
- துண்டால் ஒற்றித் துடையுங்கள். விரல் இடுக்கிலும் ஈரம் இருக்கக்கூடாது.
- ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத கிரீம் அல்லது வாசலின் தடவுங்கள். குதிகால் தடித்திருந்தால் யூரியா கலந்த கிரீம் எது பொருந்தும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். விரல் இடுக்கில் எதுவும் தடவ வேண்டாம்.
- தடவியபின் பருத்திக் காலுறை போடுங்கள். வெறுங்காலோடு நடந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும்.
- வீட்டுக்குள்ளும் காலணி அணியுங்கள். சப்பாத்து போடுமுன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.
- உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்க்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

தடித்த தோலை பிளேடால் சீவாதீர்கள். வெடிப்பில் கிருமிநாசினியையோ சூடேற்றும் தைலத்தையோ ஊற்றாதீர்கள். அக்கம்பக்கத்தார் தரும் சொறி மருந்தைத் தடவாதீர்கள். அரிப்புடன் தோல் உரிந்தால், அல்லது ஒரு பாதத்தில் மட்டும் செதில் படிந்தால், அது படையாக இருக்கலாம். ஈரப்பத கிரீம் படையைக் குணப்படுத்தாது. அதற்கு வேறு மருந்து உண்டு.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

2 வாரம் முறையாகத் தடவியும் குறையவில்லை என்றால், அல்லது கால் மரத்துப் போனால், அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது.

சிவப்பு, வீக்கம், சீழ், துர்நாற்றம், தோல் கறுத்தல், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்றிரவு படுக்குமுன் பாதத்தை ஒருமுறை பாருங்கள். சீக்கிரம் கண்டால் சிறு மருந்திலேயே ஆறிவிடும்.