தண்டால் எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

தோள், மார்பு, கை இவற்றின் பலத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கத் தண்டாலைப் (புஷ்-அப்) போல எளிய வழி கிடையாது. கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆள் நீட்டிப் படுக்கத் தரை இருந்தால் போதும். ஆனால், "முப்பது எடுத்தேன்", "ஐம்பது எடுத்தேன்" என்று சொல்கிறோமே, அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்தால்தான் அதனால் பயன்.

எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வையுங்கள். இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றி, கால்விரல்களில் நின்று, உடம்பை நேராக நீட்டுங்கள். மெஷின் உங்கள் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் காட்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 45 கிலோவுக்கு மேல் வரும். மீதியைக் கால்கள் தாங்குகின்றன. கீழே இறங்கும்போது கைகளின் பாரம் இன்னும் சற்றுக் கூடும். முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் ஏறக்குறைய பாதி எடைதான் கைக்கு வரும். 55 கிலோ இளைஞர் ஒவ்வொரு முறையும் தள்ளுவது 37 கிலோ என்றால், 90 கிலோ ஆள் தள்ளுவது 60 கிலோ. ஆகவே இருவரின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்து யார் பலசாலி என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை. தன் உடம்பைத் தானே எவ்வளவு கையாள முடிகிறது என்பதைத்தான் தண்டால் காட்டுகிறது.

பலம் வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடைதான் பலத்தின் நேரடி அளவு. பளுதூக்குபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். ஐந்து தண்டாலுக்கே மூச்சு முட்டுகிறவருக்கு அந்த எண் பலத்தைப் பற்றியே பேசுகிறது. எண்ணிக்கை இருபது, முப்பதைத் தாண்டிவிட்டால், தசை எவ்வளவு நேரம் சோராமல் உழைக்கிறது என்பதே பெரிதும் அளக்கப்படுகிறது. நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போனவருக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் நன்றாகவே வளர்ந்திருக்கும். பலமும் அதே அளவுக்கு வளர்ந்ததாகக் கொள்ள முடியாது. பலம் வளர வேண்டுமானால் பாரம் கூட வேண்டும். பாதங்களை நாற்காலிமேல் வைத்தோ, முதுகில் பை மாட்டிக்கொண்டோ எடுக்கலாம்.

இந்த எண்ணுக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-இல் வெளியானது. 40-க்கு மேல் புஷ்-அப் எடுத்தவர்களுக்கு, 10-க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதயநோய் ஆபத்து 96 சதவீதம் குறைவாக இருந்தது. மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் மொத்தமே 37 பேருக்குத்தான் இதயநோய்ப் பாதிப்பு ஏற்பட்டது. ஆய்வில் இருந்த எல்லோருமே கடும் உடலுழைப்புள்ள ஆண்கள். அதிகம் எடுத்தவர்கள் பொதுவாகவே உடல் எடை குறைந்தவர்களாகவும் நல்ல உடல்தகுதி உள்ளவர்களாகவும் இருந்தார்கள். தண்டால் இதயத்தைக் காத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான உடம்பின் அடையாளமாக அது இருந்தது என்றே சொல்லலாம்.

அளவு சரியாக வர வேண்டுமானால் முறை சரியாக இருக்க வேண்டும். தலையிலிருந்து குதிகால் வரை உடம்பு ஒரே கோடாக நிற்க வேண்டும். இடுப்பு தொங்கினாலும், மேலே தூக்கினாலும், பாதி தூரம் இறங்கித் திரும்பினாலும் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் தேர்வில் பல பத்தாண்டுகளாக 2 நிமிடத்தில் எத்தனை என்று எண்ணினார்கள். இப்போதைய தேர்விலும் 2 நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் மார்பு தரையில் பட்டு, கைகளைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் மேலே எழ வேண்டும். அரைகுறையாக இறங்கி ஏமாற்ற வழியே இல்லை. வீட்டிலும் இதையே பின்பற்றலாம் என்பேன். உடம்பை வளைத்துப் பாய்ந்து எழும் நம் பழைய உடற்பயிற்சிக்கூடத் தண்டால் வேறு வகை. அந்த எண்ணை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். தண்டால் அளப்பது தள்ளும் பலத்தை மட்டுமே: மார்பு, தோளின் முன்பக்கம், மேற்கையின் பின்பக்கம். இழுக்கும் முதுகுத் தசைகளும் பிடியின் இறுக்கமும் இதில் சிக்குவதே இல்லை. இந்திய ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்களில் கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கச் சொல்வதும், தமிழகக் காவலர் தேர்வில் ஆண்களைக் கயிறு ஏறச் சொல்வதும் அந்த மறுபாதியைப் பார்க்கத்தான்.

ஒன்றுகூட எடுக்க வராதவர்கள், பெண்களும் வயதானவர்களும் உட்பட, முழங்காலை ஊன்றுவதைவிடச் சுவரில் தொடங்குவது நல்லது. அதில் உடம்பு நேராகவே இருக்கும். சுவரில் பதினைந்து சுலபமாக வந்தால் மேசை, அதன்பின் அசையாத பெஞ்சு, பிறகு தரை. எந்த உயரத்தில் எத்தனை என்று நோட்டில் குறித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் அதே முறையில் மீண்டும் எடுத்துப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். இதயநோய், உயர் ரத்த அழுத்தம், தோள்வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே முழு வேகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.