திருடனைத் தடுக்காத பூட்டு

மாணவர்களே, அடுத்த முறை கிள்ளான் பக்கம் போகும்போது, கொள்கலன் ஏற்றிய லோரி ஒன்று உங்கள் காருக்கு முன்னால் சமிக்ஞை விளக்கில் நின்றால், அதன் பின்கதவைக் கவனியுங்கள். இரண்டு கதவுகள், மேலிருந்து கீழாக நீண்ட இரும்புத் தண்டுகள், அவற்றில் கைப்பிடிகள். வலது கதவின் கைப்பிடியில் விரல் பருமனில் ஓர் ஆணி தொங்கும். பெரும்பாலும் மஞ்சள், நீலம் அல்லது வெள்ளை நிற பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். அதற்குப் பெயர் 'போல்ட் சீல்'.

ஏன் வலது கதவில் மட்டும்? வலது கதவின் விளிம்பு இடது கதவின் மேல் படிந்திருக்கும். வலதைத் திறக்காமல் இடதைத் திறக்க முடியாது. ஆகவே ஒரு சீல் போதும்.

இதற்குச் சாவி கிடையாது. ஆணியை உருளைக்குள் அழுத்தினால் உள்ளே இருக்கும் வளையம் ஆணியின் பள்ளத்தில் விழுந்து கவ்விக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 17712 என்ற அனைத்துலகத் தரம் சீல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் மிக வலுவான 'எச்' வகை, 10 கிலோநியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். உங்கள் இயற்பியல் பாடத்தின்படி அதை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1,000 கிலோகிராம். ஒரு சிறிய காரை அந்த ஆணியில் தொங்கவிடலாம்!

ஆனால் நீண்ட கைப்பிடியுள்ள போல்ட் கட்டர் ஒன்று இருந்தால், அதே ஆணியைச் சில நொடிகளில் துண்டித்துவிடலாம். சுங்கத் துறை அதிகாரிகளும் அப்படித்தான் திறக்கிறார்கள். போல்ட் கட்டர் என்பது ஒன்றோடொன்று இணைந்த நெம்புகோல்கள். கையின் விசையை அது பல மடங்காகப் பெருக்கி, மெல்லிய வெட்டு விளிம்பில் குவித்துவிடும். அப்படியானால் திருடனைத் தடுக்க முடியாத பூட்டு எதற்கு?

விடை அந்த ஆணியின் மேல் பொறித்திருக்கும் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு சீலுக்கும் தனி எண். சரக்கு ஏற்றியவுடன் அந்த எண் கப்பல் ஆவணங்களில் எழுதப்படும். தொழிற்சாலை லோரியிடம் ஒப்படைக்கும்போது எண்ணைப் பார்க்க வேண்டும். லோரி துறைமுகத்திடம், துறைமுகம் கப்பலிடம், கப்பல் மறுகரையில் இருக்கும் துறைமுகத்திடம் என ஒவ்வொரு கை மாறும்போதும் பார்க்க வேண்டும். திருடன் சீலை வெட்டலாம், புதிய சீலையும் மாட்டலாம், எண் மாறிவிடும். காலையில் தொழிற்சாலை வாசலில் சரியாக இருந்த எண் மாலையில் துறைமுக வாசலில் வேறாக இருந்தால், திருட்டு அந்த இடைப்பட்ட சாலையில் நடந்திருக்கிறது. உலகம் முழுவதும் தேட வேண்டியதில்லை. சில மணி நேரத்தை மட்டும் விசாரித்தால் போதும். இரண்டு வாரக் கடல் பயணத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தருவதுதான் சீலின் உண்மையான வேலை.

ஒருவர் எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆயிரம் கிலோ தாங்கும் எஃகு ஒரு சோம்பேறிக் கையெழுத்தைத் தாங்காது!

திருடர்களும் சும்மா இருப்பதில்லை. சீலைத் தொடாமலேயே கதவைத் திறக்க ஒரு வழி உண்டு. கைப்பிடியைத் தண்டோடு இணைக்கும் ரிவெட்டைக் கழற்றிவிட்டால், சீல் அப்படியே தொங்க, கதவு மட்டும் திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் புது ரிவெட் அடித்து, மேலே சாயம் பூசிவிடுவார்கள். அதனால்தான் அனுபவமுள்ள பரிசோதகர் சீலை மட்டும் பார்ப்பதில்லை. பழைய கதவில் புதுச் சாயம் எங்கே மின்னுகிறது என்று தேடுவார். சீலின் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிட்டபின் அதை இழுத்தும் பார்ப்பார், முறுக்கியும் பார்ப்பார். வெட்டிப் பசையால் ஒட்டிய சீல் பார்வைக்குத் தப்பிவிடும். கைக்குத் தப்பாது.

பொருளைத் திருடுவதைவிட ஆபத்தானது, பொருளை உள்ளே வைப்பது. போதைப்பொருள் கும்பல்கள் யாரோ ஒருவருடைய கொள்கலனைத் திறந்து பைகளைப் போட்டுவிட்டு, அதே எண் பொறித்த போலி சீலை மாட்டிவிடுகின்றன. போய்ச் சேரும் துறைமுகத்தில் கும்பலைச் சேர்ந்த வேறொருவர் பைகளை எடுத்துக்கொள்வார். இடையில் சிக்கினால், காப்பியோ வாழைப்பழமோ அனுப்பிய வியாபாரிதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். போலிச் சுவர் எழுப்பி ஒளித்து வைப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை, அளவு நாடா போதும். 20 அடிக் கொள்கலனின் உட்புற நீளம் சுமார் 5.9 மீட்டர் இருக்க வேண்டும். 5.5 மீட்டர்தான் இருக்கிறதென்றால் மீதி எங்கே போனது?

இனி கொள்கலனின் சொந்த எண்ணுக்கு வருவோம். கதவில் பெரிதாக நான்கு ஆங்கில எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் இருக்கும். அவற்றை அடுத்து, பெரும்பாலும் கட்டம் கட்டி, ஏழாவது இலக்கம் ஒன்று இருக்கும். அது சரிபார்ப்பு இலக்கம். காகிதமும் பேனாவும் எடுங்கள்.

'சி, எஸ், கியூ, யு, 305438' என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் எழுத்துகளை எண்ணாக்க வேண்டும். ஏ என்றால் 10, பி என்றால் 12 என்று வரிசை போகும். 11இன் மடங்குகளான 11, 22, 33 மட்டும் விடுபடும். அதன்படி நமது நான்கு எழுத்துகள் 13, 30, 28, 32 ஆகின்றன. இப்போது பத்து எண்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை போய்ப் பெருக்குங்கள். 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096 கிடைக்கும். கூட்டினால் 6185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும்.

யாராவது 305438க்குப் பதிலாக 304538 என்று எழுதிவிட்டால்? கூட்டுத்தொகை 6249, மீதி 1. கணினி உடனே மறுத்துவிடும். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். இதனால் சில தவறுகள் நழுவக்கூடும் என்பதால் அப்படிப்பட்ட எண்களைத் தவிர்க்கும்படி பரிந்துரைக்கிறார்கள். இந்தக் கணக்கு பெரும்பாலும் பிடிப்பது இரவுப் பணியில் எண்ணைத் தவறாகத் தட்டிய ஊழியரைத்தான். ஆனால் அந்தத் தவறு பதிவாகிவிட்டால் சீல் எண் வேறொரு பெட்டியோடு சேர்ந்துவிடும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

எடையும் ஒரு சாட்சி. 2016 ஜூலை 1 முதல், சரக்கு ஏற்றிய கொள்கலனின் சரிபார்க்கப்பட்ட எடை தெரியாமல் அதைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது அனைத்துலக விதி. கப்பலின் பாதுகாப்புக்காக வந்த விதிதான் என்றாலும், வழியில் எடை குறைந்தால் கேள்வி எழத்தானே செய்யும்? சில கொள்கலன்களில் மின்னணுச் சீலும் பொருத்துகிறார்கள். அதன் ஆன்டெனா வெளியே இருக்க வேண்டும். எஃகுப் பெட்டி ஒரு 'ஃபாரடே கூண்டு', உள்ளிருந்து வானொலி அலைகள் எளிதில் வெளியேறா. உங்கள் கைப்பேசியும் அதற்குள் பெரும்பாலும் சிக்னல் இழந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் சரக்கு ஏற்றிய பெட்டிகளைப் பற்றியது. காலிப் பெட்டியில் திருட ஒன்றுமில்லை என்பதால் அதன்மேல் அவ்வளவு கவனம் போவதில்லை. 2023 ஜனவரியில் வங்காளதேசத்தின் சிட்டகாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வந்த கப்பலில், காலி என்று கருதப்பட்ட ஒரு கொள்கலனுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. திறந்தபோது உள்ளே ஒரு சிறுவன், ஏறத்தாழ உங்கள் வயது. அவன் தானாக உள்ளே ஏறி உறங்கிவிட்டதாக நம்பப்பட்டது. பல நாள்கள் உணவும் நீருமின்றிக் கடலில் இருந்திருக்கிறான். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள், பிழைத்துக்கொண்டான்.

கொள்கலன் கதவின் கைப்பிடிகள் எல்லாம் வெளியேதான் இருக்கின்றன. உள்ளிருந்து திறக்க வழியே இல்லை. காலிப் பெட்டியைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு: ஊழியர் ஒருவர் உள்ளே போய் நிற்பார், வெளியே இருப்பவர் கதவைச் சாத்துவார். கூரையிலோ சுவரிலோ ஊசித் துளை இருந்தாலும் இருட்டில் நட்சத்திரம்போல வெளிச்சம் தெரியும். மழைநீர் புகுமா என்று பார்ப்பதற்கான சோதனை அது. பெட்டியின் நான்கு மூலைகளையும் ஒரு மனிதர் நேரில் பார்த்துவிடுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.