பாட்டரியைத் தின்னும் காவலாளி!

நடுநிசி. காட்டு ஓரத்தில் ஓர் ஏரிக்கரை. கரையில் ஒரு குட்டி வீடு நிற்கிறது. அதற்கு அடியில் இரண்டு சக்கரங்கள்! உள்ளே கணவர், மனைவி, ஒரு குழந்தை. மூவரும் நல்ல தூக்கம்.

திடீரென்று "கீச்... கீச்..." என்று ஒரு சத்தம்! கணவர் பதறி எழுந்து விளக்கைப் போடுகிறார். விளக்கு மங்கலாக எரிகிறது. குளிர்ப்பெட்டியின் நீலச் சுடர் அணைந்து கிடக்கிறது. கணப்பும் நின்றுவிட்டது.

"காஸ் தீர்ந்து போச்சா?" என்று மனைவி கேட்கிறார்.

கணவர் வெளியே போய்ச் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறார். கனமாக இருக்கிறது. முக்கால் பங்கு காஸ் உள்ளே இருக்கிறது!

அப்படியானால் நடந்தது என்ன?

பாட்டரி செத்துவிட்டது. அதனால் காஸும் நின்றுவிட்டது!

சக்கரம் வைத்த வீடு

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால், பல குடும்பங்கள் இப்படிக் கிளம்பிவிடும். மோட்டாரின் பின்னால் ஒரு குட்டி வீட்டை மாட்டி இழுத்துச் செல்வார்கள். 'கேம்பர் டிரெய்லர்' என்று அதற்குப் பெயர்.

சிறிய டிரெய்லரின் அறை 12 அடி நீளமும், 6 அடி அகலமும்தான் இருக்கும். அதற்குள் படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. கணப்பு உண்டு. குளிர்ப்பெட்டியும் உண்டு.

வெளியே, வண்டியின் மூக்கில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று, புரோப்பேன் காஸ் சிலிண்டர். மற்றொன்று, 12 வோல்ட் பாட்டரி. வீடு முழுவதும் இந்த இரண்டையும் நம்பித்தான் நடக்கிறது.

குளிர்ப்பெட்டிகூட காஸில் ஓடும்! தீயை மூட்டிக் குளிரை உண்டாக்கும் இந்த வித்தையை 1922-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு மாணவர்கள் இருவர் கண்டுபிடித்தார்கள். ஒருவர் பிளாட்டன். மற்றவர் முன்டர்ஸ்.

அரை கிலோ போதும்!

புரோப்பேன் நல்ல வேலைக்காரன். ஆனால் கட்டு மீறினால் எமன்.

அதற்கு நிறம் கிடையாது. இயற்கையில் மணமும் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் துர்நாற்றம் உள்ள ஒரு மருந்தை அதில் கலக்கிறார்கள்.

காஸுக்கு நாற்றம் வந்ததற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1937-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. கசிந்தது இயற்கை எரிவாயு. அதற்கு மணம் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. சுமார் 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகுதான் காஸில் நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

புரோப்பேனிடம் இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் தேங்கும்.

காற்றில் 100-க்கு 2 பங்கு புரோப்பேன் கலந்துவிட்டால் போதும். ஒரு சிறு பொறியில் வெடிக்கும். குட்டி டிரெய்லரின் அறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு காஸ் வேண்டும் தெரியுமா? கணக்குப் போட்டால் சுமார் அரை கிலோதான் வருகிறது! சிலிண்டரிலோ 9 கிலோ இருக்கிறது.

தரையருகே ஒரு மூக்கு

விழித்திருப்பவனுக்கு நாற்றம் தெரியும். தூங்குகிறவனுக்கு?

அதற்காகத்தான் தரையருகே ஒரு கருவியை வைக்கிறார்கள். அது ராப்பகலாகக் காற்றை முகர்ந்துகொண்டே இருக்கும். காஸ் வாடை பட்டால் அலறும்.

சில வண்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். சிலிண்டரிலிருந்து வரும் குழாயில் ஒரு மின்சார வால்வைப் பொருத்துகிறார்கள். அதற்குள் ஒரு கம்பிச் சுருளும், ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். சுருளில் மின்சாரம் ஓடும் வரையில், காந்த சக்தி கதவைத் திறந்து பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால், ஸ்பிரிங் கதவைப் 'பட்'டென்று சாத்திவிடும்.

கருவி காஸை மோப்பம் பிடித்தால் மின்சாரத்தை வெட்டும். கதவு மூடிக்கொள்ளும். பாட்டரி செத்தாலும் மூடிக்கொள்ளும். "சந்தேகம் வந்தால் மூடு" என்பதுதான் இந்தக் காவலாளியின் கொள்கை.

காவலாளியின் சாப்பாடு

கொள்கை சரிதான். ஆனால் காவலாளிக்குச் சாப்பாடு போட வேண்டுமே!

மோப்பக் கருவி 0.1 ஆம்பியரும், வால்வு 0.5 ஆம்பியரும் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அற்பம் என்று தோன்றும். ஆனால் 24 மணி நேரமும் இழுக்கிறதே! ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர் மணி ஆகிறது.

பாட்டரியின் கொள்ளளவு 80 ஆம்பியர் மணி என்றால், அதில் பாதியைத்தான் தாராளமாகச் செலவழிக்கலாம். அதற்கு மேல் உறிஞ்சினால் பாட்டரியின் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 40. மூன்றாம் நாள் முடிவதற்குள் அது காலி! விளக்கு, கணப்பின் விசிறி எல்லாம் தனிக் கணக்கு.

பெரிய வண்டியில் பாட்டரிகள் பல இருக்கும். குட்டி வண்டியில் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே அடி விழுவது குட்டி வண்டிக்குத்தான்.

வண்டி வீட்டில் சும்மா நின்றாலும் ஆபத்து உண்டு. மோப்பக் கருவி மட்டும் விழித்திருந்தால்கூட, பதினாறு நாளில் பாட்டரி பாதியாகிவிடும். பனிக்காலத்தில் காலியான பாட்டரி உறைந்து, வெடிப்பு விட்டுக் கெட்டுப் போகும்.

தவறான வைத்தியம்

இங்கேதான் சிலர் விபரீதமான காரியம் செய்கிறார்கள். "இந்தச் சனியன்தானே பாட்டரியைத் தின்கிறது!" என்று கருவியின் கம்பியை அறுத்துவிடுகிறார்கள். வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயை நேராக இணைத்துவிடுகிறார்கள்.

திருடன் வராத வரையில் காவலாளி தண்டச் சோறாகத்தான் தெரிவான். வந்த பிறகு வருந்திப் பயன் என்ன?

சிக்கனம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. பழைய மாதிரி பல்பு ஒன்று 1.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புகள் மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால், 15 ஆம்பியர் மணி! காவலாளி நாள் முழுவதும் தின்பதைவிட இது அதிகம். அவற்றை மாற்றி எல்.இ.டி. விளக்குகள் போட்டால், செலவில் பெரும் பகுதி மிச்சம்.

100 வாட் சூரியப் பலகை ஒன்று, நல்ல வெயில் நாளில் 20 ஆம்பியர் மணி அளவுக்குத் திருப்பித் தரும். காவலாளியின் சாப்பாடு அதிலேயே முடிந்துவிடும்.

இப்போது வேறு வகை வால்வும் உண்டு. திறக்கவும் மூடவும் மட்டும் ஒரு நொடி மின்சாரம் கேட்கும். பிறகு பட்டினி கிடக்கும். ஆனால் ஒரு விஷயம். பாட்டரி செத்தால் அது தானாக மூடாது. திறந்தது திறந்தபடியே இருக்கும். லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

பயணம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது, முதலில் சிலிண்டரின் வால்வைக் கையால் மூட வேண்டும். பிறகுதான் பாட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

மறுபடி கிளம்பும்போது வரிசை தலைகீழ். முதலில் பாட்டரி. மோப்பக் கருவி விழித்துக்கொள்ளச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அதன் பிறகு காஸ்.

மோப்பக் கருவிக்கும் வயது உண்டு. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும். தேதி அதிலேயே அச்சாகி இருக்கும்.

இரவில் சத்தம் கேட்டால், "பாட்டரி இறங்கியிருக்கும்" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. காஸ் என்றே நினைக்க வேண்டும். ஏரிக்கரைக் கணவர் விளக்கைப் போட்டாரே, அது பெரிய தவறு! சுவிட்சைத் தொடக் கூடாது. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கதவைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, சிலிண்டரை மூட வேண்டும். மற்ற ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் வீட்டிலும்...

"நம்மிடம் டிரெய்லரும் இல்லை, ஏரிக்கரையும் இல்லை" என்று நினைக்கிறீர்களா?

நம் சமையலறைச் சிலிண்டரில் இருப்பதும் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த காஸ்தான். அதுவும் காற்றைவிடக் கனம். அதுவும் தரையில்தான் தேங்கும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ!

பெரும்பாலான வீடுகளில் மோப்பக் கருவி கிடையாது. மின்சார வால்வும் கிடையாது. இருப்பது ரெகுலேட்டர் ஒன்றுதான். அதற்குப் பாட்டரி வேண்டாம். சாப்பாடு வேண்டாம். இரவு படுக்கப் போகும் முன் ஒரு கை திருப்பினால் போதும்.

இன்று இரவு, உங்கள் வீட்டில் அந்தக் கை யாருடையது?